ஏ-4 வீதியின் கற்கள்

அக்கரைப்பற்றுப் பட்டினத்தை ஊடறுத்துப் போகும் பிரதான வீதிக்கு அரசாங்கப் பதிவில் ஏ-4 என்று பெயர். வடக்கே நிந்தவூர், கல்முனை தாண்டி அது மட்டக்களப்பில் முடிகிறது. தெற்கே திருக்கோவில், பொத்துவில் என்று கடலை ஒட்டியே இறங்கி, பொத்துவிலில் மேற்கே திரும்பி லகுகலைக் காட்டுக்குள் நுழைகிறது. பிறகு சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய. அங்கிருந்து மலையேறி பலாங்கொடை, பெல்மதுளை, இரத்தினபுரி வழியாகக் கொழும்பைச் சேர்கிறது. இலங்கையின் இரத்தினக்கல் வரலாற்றில் பாதி இந்த ஒரே வீதியின் ஓரத்தில் கிடைத்துவிடும். ஆனால் நம் பக்கத்தில், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில், சொல்லும்படியாக ஒரு கல்லுக்குழி கிடையாது. வயலும் கடலும் சோறு போட்ட ஊர்களில், கல் என்றால் அது பேருவளைக்காரரின் யாவாரம் என்று இருந்துவிட்டோம்.

ஒரே தீவு, ஒரே வீதி. மேற்கே நீலக்கல் கிடக்கிறது, கிழக்கே கிடக்கவில்லை. இதற்கான விடை ஐம்பத்தைந்து கோடி வருடங்களுக்கு முன் நடந்த ஒரு மோதலில் இருக்கிறது. அந்த விடையைத் தேடிப் போகும்போது இன்னொன்றும் தெளிவாகும்: இந்த நாட்டில் கல் தோண்டும் வேலை ஏன் இன்றும் மண்வெட்டி, கூடை, ஒரு தண்ணீர்ப் பம்பு, ஏழெட்டு ஆட்கள் என்ற அளவிலேயே நிற்கிறது என்பது.

முதலில் நம் கடற்கரையிலேயே ஒரு சோதனை. மாரிக்காலத்துக் கொந்தளிப்பு அடங்கியதும் கரையில் நடந்தால், வெளிர் மணலுக்கு நடுவே கறுப்பும் ஊதா கலந்த சிவப்புமாகப் பட்டைகள் தெரியும். எண்ணெய் கசிந்த கறை என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் உண்டு. ஒரு பிடி அள்ளி, வெயிலில் காயவைத்து, காகிதத்தில் பரப்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை மேலே கொண்டுபோனால் சில கறுப்பு மணிகள் துள்ளி ஒட்டிக்கொள்ளும். அவை மேக்னடைட். மெல்ல அசைந்து, ஒட்டியும் ஒட்டாமலும் வருகிறவை பெரும்பாலும் இல்மனைட். காந்தத்தைச் சட்டை செய்யாமல் தங்கிவிடும் சிவப்பு மணிகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒளி ஊடுருவும் சின்னஞ்சிறு கார்னெட். மோதிரக் கல்லாகும் கோமேதகம் இந்தக் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் மணலில் இருப்பவை அரை மில்லிமீற்றர் அளவு என்பதால் யாரும் பட்டை தீட்ட முடியாது.

இந்தப் பட்டைகளை உண்டாக்குவது அலை. சாதாரண வெள்ளை மணல் குவார்ட்ஸ். அது தண்ணீரைவிட 2.65 மடங்கு கனமானது. கார்னெட் ஏறக்குறைய 4 மடங்கு, இல்மனைட்டும் சிர்க்கோனும் 4.6-க்கு மேல். அலை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் இலேசான குவார்ட்ஸ் அடித்துக்கொண்டு போக, கனமானவை பின்தங்குகின்றன. நம் வீடுகளில் உம்மாமார் அரிக்கன் சட்டியில் அரிசி அரித்துக் கல்லை அடியில் நிறுத்துவது இதே விதியால்தான். திருக்கோவில் கரையிலும் வடக்கே புல்மோட்டையிலும் கடல் இதைப் பல்லாயிரம் வருடங்களாகச் செய்துவந்திருக்கிறது. இரத்தினக்கல் குழிகளில் நடப்பதும் இதுவே. அங்கே அந்த வேலையைச் செய்தது ஆறு. நீலக்கல்லின் அடர்த்தி 4. அதனால்தான் அது ஆற்றின் அடியில் கூழாங்கற்களோடு தங்குகிறது.

ஆனால் தண்ணீர் பிரித்தெடுக்க மட்டுமே செய்யும். கல்லை உண்டாக்குவது பாறை.

இலங்கை நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கு, வெந்து உருமாறிய பழம்பாறை. புவியியலாளர்கள் அதை முக்கியமாக மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள்: மேற்கிலும் வடமேற்கிலும் வன்னித் தொகுதி, நடுவில் மலைநாட்டை உள்ளடக்கி வடகிழக்குவரை சரிந்து போகும் உயர்நிலத் தொகுதி, கிழக்கிலும் தென்கிழக்கிலும் விஜயன் தொகுதி. அக்கரைப்பற்று, கல்முனை, பொத்துவில் எல்லாம் விஜயன் தொகுதியின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. நம் வயல்களுக்கு நடுவே மொட்டையாக எழுந்து நிற்கும் சாம்பல் நிறப் பாறைத் திடல்கள் அதன் முகங்கள்.

விஜயன் பாறைகளில் பெரும்பகுதி, ஏறக்குறைய நூறு கோடி வருடங்களுக்கு முன் உருகிய குழம்பிலிருந்து இறுகிய கருங்கல் வகை. சிலிக்கா நிறைந்தது. உயர்நிலத் தொகுதியின் கதை வேறு. அதில் பெரும்பங்கு ஒருகாலத்தில் கடலடியில் படிந்த வண்டல். களிமண், மணல், சுண்ணாம்பு எல்லாம் அதில் இருந்தன. பின்னர் ஆபிரிக்காவும் இந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் ஒட்டிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானபோது, நம் தீவாகப் பிற்பாடு பிரிந்த துண்டு நடுவில் அகப்பட்டது. அந்த வண்டல்கள் இருபது, முப்பது கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுக்கப்பட்டு 800 பாகைக்கு மேல் வெந்தன. சுண்ணாம்பு பளிங்கானது. களிமண் கார்னெட்டும் சில்லிமனைட்டும் கலந்த பாறையானது.

நீலக்கல், மாணிக்கம், புஷ்பராகம் என்று நாம் பெயர் பிரித்துச் சொல்லும் மூன்றும் ஒரே கனிமம், கொரண்டம். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது, வேறு ஒன்றும் தேவையில்லை. அலுமினியத்துக்கு நிலத்தில் பஞ்சமே இல்லை. எந்தக் களிமண்ணிலும் அது இருக்கிறது. பின் ஏன் கொரண்டம் அரிது? சிலிக்கா குறுக்கே நிற்கிறது. சிலிக்கா அருகில் இருந்தால் அலுமினியம் அதோடு சேர்ந்து பெல்ட்ஸ்பாராகவோ மைக்காவாகவோ மாறிவிடும். கொரண்டம் பிறக்க அலுமினியம் மிகுந்தும் சிலிக்கா குறைந்தும் உள்ள ஓர் ஓரம் வேண்டும். பளிங்குப் பாறைக்குள் கிரனைட் குழம்பு புகுந்த இடங்களில் அப்படிப்பட்ட ஓரம் உண்டாகிறது: பளிங்கு சிலிக்காவை உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய அலுமினியம் கொரண்டமாகவும், மக்னீசியம் கூடிய இடங்களில் ஸ்பினெல்லாகவும் படிகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவாக இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு.

நம் விஜயன் பாறையில் பளிங்கு மிகக் குறைவு, சிலிக்கா ஏராளம். நெருப்பு இருந்தது, சேர்மானம் இல்லை. கிழக்குக் கரையில் நீலக்கல் இல்லாததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை.

இந்த இரு தொகுதிகளும் சந்திக்கும் எல்லை நம் மாவட்டத்துக்கு அந்நியமானதல்ல. மோதலின்போது உயர்நிலத் தொகுதி விஜயன் தொகுதியின் மேல் ஏறியது. அந்தப் பொருத்து கிழக்குச் சமவெளி மலையடிவாரத்தைத் தொடும் பக்கமாக வளைந்து போகிறது. அம்பாறை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள மகாஓயா வெந்நீர் ஊற்றுகளில் குளித்தவர்கள் அந்தப் பொருத்தின் அருகே நின்றிருக்கிறார்கள். நாட்டின் வெந்நீர் ஊற்றுகளில் பல ஏறக்குறைய இந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆழத்துப் பிளவுகள் வழியே மழைநீர் இறங்கிச் சூடேறி மேலே வருகிறது.

மேலே ஏறிக் கிடந்த உயர்நிலப் பாறையில் பெரும்பகுதியைக் காலம் அரித்துவிட்டது. ஆனால் சில துண்டுகள் விஜயன் பாறையின் மேல் தனித்தனியாக எஞ்சிவிட்டன. புத்தலயில் ஒன்று, கதிர்காமத்தில் ஒன்று. சுற்றிலும் கல் இல்லாத நிலம், நடுவில் கல் பிறக்கக்கூடிய பாறைத் தீவு. கதிர்காமத் துண்டைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் புத்தலப் பக்கம்.

மொனராகலையைத் தாண்டியதும் ஏ-4 வீதியிலிருந்து தெற்கே பிரியும் பாதை ஒக்கம்பிட்டியவுக்குப் போகிறது. அக்கரைப்பற்றிலிருந்து கிளம்புகிறவருக்கு மிக அருகிலுள்ள பெயர்பெற்ற இரத்தினக்கல் நிலம் இதுதான். பக்கத்தில் ஓடுவது கும்புக்கன் ஓயா. கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் கடக்கும் அதே கும்புக்கன் ஆறு.

ஒக்கம்பிட்டியவுக்கு வருகிறவர்கள் குழிகளைப் பார்க்கும் அவசரத்தில் மாலிகாவிலவை விட்டுவிடக் கூடாது. காட்டுக்குள் 11 மீற்றருக்கு மேல் உயரமான புத்தர் சிலை ஒன்று நிற்கிறது, ஏழாம் நூற்றாண்டுக்குரியது என்று சொல்லப்படுவது. அதைச் செதுக்கிய கல் கருங்கல்லில்லை. படிகச் சுண்ணாம்புக்கல், அதாவது பளிங்கு. விஜயன் சமவெளி நெடுகக் கிடைக்காத கல் இங்கே ஒரே துண்டில் இவ்வளவு பெரிதாகக் கிடைத்திருக்கிறது. சற்றுத் தள்ளி ஆட்கள் மண்ணுக்குள் ஸ்பினெல்லும் நீலமும் தேடுகிறார்கள். சிற்பிக்குச் சிலைக்கல்லும் குழிக்காரருக்கு நீலமும் கொடுத்தது பளிங்கு சார்ந்த ஒரே பாறைக் குடும்பம்.

குழி வேலை குழியில் தொடங்குவதில்லை. முதலில் ஒரு நீண்ட இரும்புக் கம்பி. கூரிய முனையுள்ள அதை ஒருவர் நிலத்துக்குள் குத்திக் குத்தி இறக்குவார். களி என்றால் சத்தமில்லாமல் வழுகி இறங்கும். மணல் என்றால் சரசரக்கும். கூழாங்கல் படுகையைத் தொட்டதும் கம்பி நறநறவென்று அதிர்கிறது. அந்த அதிர்வைப் பிடிப்பது உள்ளங்கைதான். வெளியே இழுத்து முனையில் விழுந்த கீறல்களைப் பார்க்கிறார்கள். குவார்ட்ஸுக்கு இரும்பைக் கீறும் வலிமை உண்டு. கொரண்டம் அதைவிட வெகு கடினம், வைரத்துக்கு அடுத்த படியில் நிற்பது. பரம்பரையாக இந்த வேலை செய்கிறவர்கள் கீறலின் கூர்மையை வைத்தே கீழே கிடப்பது என்ன என்று பேசிக்கொள்வார்கள்.

அவர்கள் தேடுவது இல்லம். சிங்களத்தில் இருந்து வந்த தொழிற்சொல், தமிழில் பேசும் வியாபாரிகளும் இதையே சொல்கிறார்கள். ஒரு பழைய ஆறு தன் அடியில் விட்டுப்போன, களியோடு இறுகிய கூழாங்கல் படுகை. சில இடங்களில் ஒரு சாண் தடிப்பு, சில இடங்களில் ஓர் ஆள் இடுப்பளவு. முழங்கால் ஆழத்திலும் இருக்கலாம், பல ஆள் ஆழத்திலும் இருக்கலாம். ஆறு பலமுறை திசை மாறியிருப்பதால் அது தொடர்ச்சியாகவும் இராது. ஒரு வயலில் கிடைத்தது அடுத்த வரம்புக்கு அந்தப் பக்கம் கிடைக்காமல் போகும்.

இரத்தினபுரிப் பக்கத்து ஈரநிலத்தில் குழி ஆழமாகப் போகும். சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் மரக்கட்டைகளை அடுக்கி, கட்டைக்கும் மண்ணுக்கும் இடையே இலைதழைகளைத் திணிக்கிறார்கள். ஊறும் தண்ணீர் வடிந்து வரும், மண் மட்டும் நிற்கும். பம்பு இரவு பகலாக ஓடும். இல்லத்தை எட்டியதும் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டிப் படுகையைப் பின்தொடர்கிறார்கள். சுரங்கத்தில் எரியும் மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு மட்டுமானதல்ல. சுடர் சுருங்கினால் காற்று கெட்டுவிட்டது என்று பொருள். உடனே ஏறிவிட வேண்டும்.

இல்லத்தை மேலே தூக்கிக் குவித்து வைப்பார்கள். கழுவும் நாள் தனி நாள். பங்காளர்கள் எல்லாரும் இருக்கும்போதுதான் கழுவுவது, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. மூங்கிலால் நெருக்கமாகப் பின்னிய, நடுவில் கூம்பாகக் குழிந்த அகலக் கூடையில் ஒரு பங்கு இல்லத்தை அள்ளிப் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று வட்டமாகச் சுழற்றுகிறார்கள். முதலில் களி கரைந்து மஞ்சளாகப் போகும். அடுத்து இலேசான குவார்ட்ஸ் பரல்கள் விளிம்பு தாண்டித் தெறிக்கும். பெரிய கூழாங்கற்களைக் கையாலேயே வழித்து எறிவார்கள். சுழற்சி ஒரே வேகத்தில் இருக்கவேண்டும். வேகம் கூடினால் நல்லதும் போய்விடும். கடைசியில் குழிவில் இரண்டு கை நிறையக் கருஞ்சிவப்புப் பரல் மிஞ்சும். கூடையை வெயில் பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களின் பேச்சு நின்றுவிடும். ஈரம் காய்வதற்குள் பார்க்கவேண்டும், நனைந்த கல்லின் மேற்பரப்பில்தான் ஒளி நேராக உள்ளே போகிறது. காய்ந்துவிட்டால் நீலமும் சாதாரணக் கூழாங்கல்லும் ஒரே மங்கல். அனுபவசாலியின் விரல், பரலை ஒருமுறைதான் வழிக்கும். பெரும்பாலான நாட்களில் அந்த ஒருமுறையோடு கூடை கவிழ்க்கப்படுகிறது.

குழிக்காரருக்குக் கூலி கிடையாது, பங்குதான். நிலச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு ஒன்று, பம்பு கொடுத்தவருக்கு ஒன்று, சாப்பாட்டுச் செலவு பார்த்த முதலாளிக்கு ஒன்று, எஞ்சியது தோண்டியவர்களுக்கு. மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்பதால் நட்டத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் நட்டம் சமமாக விழுவதில்லை. முதலாளி இழப்பது பணம். தோண்டுகிறவர் இழப்பது மாதங்கள். ஈரத்திலும் இடுக்கிலும் நிற்பதும் அவர்தான். பங்கு முறையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்து எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு சிறிய அளவில் தோண்டுவதைப் பின்தங்கிய நிலை என்று நினைப்பது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய சுரங்க நிறுவனத்துக்கு வேண்டியது முன்கூட்டிக் கணக்கிடக்கூடிய படுகை. ஒரு தொன் பாறையில் இத்தனை கிராம் என்று செம்பையும் தங்கத்தையும் கணக்கிடலாம். திட்டுத் திட்டாகக் கிடக்கும் இல்லத்தில், ஆயிரம் கூடையில் ஒன்றில் இருக்கலாம் என்ற கல்லை யாரும் அப்படிக் கணக்கிட முடியாது. பாரிய இயந்திரம் வயலையும் ஆற்றங்கரையையும் ஒரே வாரத்தில் புரட்டிப் போடும். படுகை சிறியது, அதற்கேற்ற கருவி மண்வெட்டி. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும், 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அதன் இடத்துக்கு வந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையும், அனுமதிப்பத்திரத்தைச் சிறு குழிகளை மையமாக வைத்தே கொடுத்துவந்தன. அனுமதி எடுக்கும்போது ஒரு வைப்புப் பணம் கட்டவேண்டும்; குழியை மூடினால்தான் திருப்பித் தருவார்கள்.

அந்த நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பது மலேரியாவைக் கண்ட தலைமுறைக்குத் தெரியும். மூடாமல் விட்ட குழிகளில் மழைநீர் தெளிந்து நிற்கும். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு வேண்டியது அப்படிப்பட்ட தண்ணீர்தான். எலஹெரப் பகுதியின் கல்லுக்குழிகள் ஒருகாலத்தில் காய்ச்சலுக்குப் பெயர்போனவை. அங்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் நோயையும் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. குழிகள் இன்னும் இருக்கின்றன, நுளம்பும் இருக்கிறது. குழியை மூடும் சட்டத்தில் தளர்வு காட்ட இடமேயில்லை.

இரத்தினபுரிக் குழிகள் கல்லை மட்டும் தரவில்லை. கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, இல்லத்தோடு சேர்ந்து வரும் எலும்புகளையும் பற்களையும் பல வருடங்கள் சேகரித்தார். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம்! இன்று இந்தத் தீவில் இல்லாத மிருகங்கள். குருவிட்டப் பக்கம் கிடைத்த பற்களை வைத்து 1939இல் இலங்கைச் சிங்கத்துக்கு அவர் தனி விலங்கியல் பெயரே இட்டார். நீலக்கல் தேடியவர் கூடையில் நீர்யானைப் பல் வந்தது என்றால், அந்த இல்லம் படிந்தபோது அங்கே நீர்யானை புரளும் அளவுக்குப் பெரிய நீர்நிலைகள் இருந்தன என்று அர்த்தம். கல்லின் வயது ஐம்பது கோடி வருடங்களுக்கு மேல்; அது கிடக்கும் படுகையோ புவியியல் கணக்கில் நேற்றையது. இந்த இரண்டு வயதுகளையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் இரத்தினக்கல் நிலத்தின் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

கல்லின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? இதற்கு உதவுவது கூடையில் அதிகம் மதிக்கப்படாத சிர்க்கோன். அது பிறக்கும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறுவதால், இரண்டின் விகிதம் மணிக்கூடாகிறது. அதே கதிர்வீச்சு சிர்க்கோனின் ஒழுங்கான அணு அடுக்கைச் சிதைத்துக்கொண்டும் இருக்கிறது. இலங்கைப் பச்சைச் சிர்க்கோன்களில் சில வெளியே பளபளவென்று இருந்தும் உள்ளே கண்ணாடிபோல ஒழுங்கிழந்து போனவை. ஹாலண்ட், கொட்ஃபிரிட் என்ற இரு ஆய்வாளர்கள் 1955இல் இந்தக் கற்களை வைத்து எழுதிய ஆய்வு, அணுக் கழிவை எந்தக் கனிமத்துக்குள் அடைத்தால் எவ்வளவு காலம் தாங்கும் என்று யோசிக்கிறவர்களுக்கு இன்றும் அடிப்படை. ‘எம்257’ என்று பெயரிட்ட ஓர் இலங்கைச் சிர்க்கோன், பாறைகளின் வயது அளக்கும் ஆய்வுகூடங்களில் அளவுக்கல்லாகப் பயன்படுகிறது. அதன் வயது 56 கோடி வருடம். வியாபாரியிடம் பெரிய விலை போகாத கல்வகைக்கு ஆய்வுகூடத்தில் கிடைக்கும் மரியாதை இது.

இந்த அறிவியலின் தொடக்கத்தில் ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து வழிவந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர் இலண்டனில் படித்தது புவியியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். கண்டிக்கு அருகே பளிங்கும் கிரனைட்டும் உரசிக்கொண்ட ஓர் ஓரத்தில் கிடைத்த நீலநிறக் கனிமத்தை, பிரையர் என்ற பிரித்தானியக் கனிமவியலாளரோடு சேர்ந்து செரண்டிபைட் என்று உலகுக்கு அறிமுகப்படுத்தினார். நீலக்கல் பிறக்கும் என்று மேலே சொன்ன அதே வகை ஓரம்! 1904இல் தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் இலங்கையில் அறியப்பட்டதிலும் அவர் பணி உண்டு. நம் பாடநூல்களில் இந்தப் பக்கம் காணாமல் போனது பெரிய குறை.

குழியிலிருந்து கல் கைமாறும் இடங்களில் நம் மொழி கேட்கும். இரத்தினபுரியிலும் பேருவளைச் சீனன்கோட்டையிலும் கல் வியாபாரத்தில் முஸ்லிம்களின் கை பல தலைமுறை ஓங்கியே இருக்கிறது. 1344இல் புத்தளம் கரையில் வந்திறங்கிய இப்னு பதூதா, யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணத்தில் அகில் தைலம் இருந்ததைக் கண்டு வியந்திருக்கிறார். ‘இதைவிடப் பெரியவை நம்மிடம் உண்டு’ என்ற கருத்தில் அரசர் பேசியதாகவும் எழுதுகிறார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் கொடுக்கும் தொழில் விவரம். ஒருவர் ஒரு துண்டு நிலத்தை வாங்கித் தோண்டுகிறார். குறித்த மதிப்புக்கு மேற்பட்ட கல் அரசருக்கு, மற்றவை தோண்டியவருக்கு. தனியார் நிலம், சிறு குழி, அரசின் பங்கு. கிட்டத்தட்ட எழுநூறு வருடத்துக்கு முந்திய இந்த ஏற்பாட்டின் எலும்புக்கூடு இன்றைக்கும் மாறவில்லை.

கல்லைச் சூடாக்கும் வித்தையும் அப்படிப் பழையதே. சிரட்டைக் கரியில் வைத்து, ஊதுகுழலால் காற்றை ஊதி, மாணிக்கத்திலுள்ள நீலச் சாயலைப் போக்கும் முறை பேருவளையில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு அரபு அறிஞர் திஃபாஷியின் நூலிலேயே இலங்கையில் கல் சூடாக்குவது பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆனால் ஊதுகுழலின் வெப்பம் எட்டாத ஒரு கல் இருந்தது: பால்போல் கலங்கிய கெவுட. எவருக்கும் வேண்டாமல் முற்றத்தில் கிடந்தது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவு விலைக்கு மூட்டையாக வாங்கிப் போனார்கள். அந்தக் கலங்கலுக்குக் காரணம், கல்லுக்குள் ஊசி ஊசியாகப் படிந்த ரூட்டைல், அதாவது தைத்தானியம் ஒட்சைட்டு. 1,500 பாகைக்கு மேல், ஒட்சிசன் குறைந்த உலையில் வைத்தால் ஊசிகள் கரைந்து தைத்தானியம் கல் முழுவதும் பரவுகிறது. அங்கிருக்கும் இரும்போடு அது ஜோடி சேர, சிவப்பும் மஞ்சளும் உறிஞ்சப்பட்டு நீலம் மட்டும் வெளியே வருகிறது. நீலத்துக்கு வேண்டிய இரண்டும் கல்லிலேயே இருந்தன, சேர்த்துவைக்கச் சூடு மட்டும் தேவைப்பட்டது. நம் ஆட்கள் இதைக் கற்று உலை வாங்குவதற்குள் எத்தனையோ மூட்டை கப்பலேறிவிட்டது. ஒரு நாட்டின் கல்லைவிட, அந்தக் கல்லைப் பற்றிய இரசாயன அறிவு விலைகூடியது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

கல் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழிக்கரையில் விற்பதெல்லாம் குழியில் வந்ததல்ல. பிரெஞ்சுக்காரர் வெர்னுயில் 1902இல் அறிவித்த முறையால் சுவாலையில் உருக்கிச் செய்த செயற்கை மாணிக்கமும் நீலமும் உலகெங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. கூழாங்கல் வடிவில் தேய்த்து வெளியூர்க்காரர் கையில் கொடுப்பது பழைய ஏமாற்று. உருப்பெருக்கியில் பார்த்தால் செயற்கைக் கல்லில் வளைந்த கோடுகள் தெரியும். இயற்கைக் கல்லில் கோடுகள் நேராகக் கோணம் மடங்கிப் போகும். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். அது இல்லாமல் பெரிய பணம் கொடுக்க வேண்டாம்.

இனி கதிர்காமத் துண்டு. 2012 பெப்ரவரியில் லுணுகம்வெஹெர - கதிர்காமம் வீதித் திருத்தத்துக்காகத் தம்மன்னாவ என்ற இடத்திலிருந்து கிரவல் மண் ஏற்றி வந்து கொட்டினார்கள். வீதியில் பரப்பிய மண்ணில் நீலக்கல் மின்னியது. செய்தி பரவியதும் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் திரண்டு வீதியையே கிளற ஆரம்பித்தார்கள். காவலுக்குப் படை வரவேண்டியதாயிற்று. பிறகு அந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏலத்தில் விட்டார்கள்.

புவியியலாளர்களை அங்கே இழுத்தது விலை அல்ல. அந்தக் கற்களின் ஓரங்கள் உடையாமல், படிகமுகங்கள் கூர்மையாகவே இருந்தன. ஆற்றில் உருண்ட கல்லுக்கு அப்படி இராது. அதாவது அவை பிறந்த பாறை அங்கேயே, காலடியில், உக்கிய நிலையில் இருந்தது. இலங்கையில் கிடைத்த கற்களில் மிகப் பெரும்பகுதி ஆறு கொண்டுவந்து போட்டவை. தாய்ப்பாறையிலேயே கண்டெடுத்த இடங்கள் மிகக் குறைவு. தம்மன்னாவ அந்தக் குறைவான பட்டியலில் சேர்ந்தது. புவியியல் வரைபடத்தில் விஜயன் தொகுதியின் நடுவே உயர்நிலத் துண்டு என்று அதற்கு முன்பே குறிக்கப்பட்டிருந்த பகுதி அது. பாறை அங்கே இருப்பது தெரிந்திருந்தது. நீலம் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது வீதிக்கு மண் ஏற்றிய லொறி.

இத்தகைய துண்டுகளின் ஓரங்களை, பளிங்கு எங்கே கிரனைட்டைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்து, வரைபடத்தோடு நடந்து தேடவேண்டும். அதற்கு இளம் புவியியலாளர்கள் வேண்டும். உயர்நில, விஜயன் தொகுதிகளின் எல்லைக்கோடு அம்பாறை மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக்குப் பக்கமாகத்தான் போகிறது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு வைத்தியத்தையும் பொறியியலையும் தவிர வேறெதையும் எண்ணிப் பார்க்காத பிள்ளைகளில் ஒரு சிலராவது அந்தக் கோட்டின் மேல் சுத்தியலோடு நடக்கப் போகலாம்.